நிறைமாத வயிற்றை மாவுக்கட்டில் வார்த்தெடுப்பது எப்படி

எலும்பு முறிந்தால் போடும் அதே மாவுக்கட்டுத் துணிதான். அதை நனைத்து, கர்ப்பிணியின் மார்பிலும் வயிற்றிலும் மூன்று அடுக்கு ஒட்டி, இறுகியதும் கழற்றினால் ஓர் ஓடு கிடைக்கும். உடலில் ஒட்டும் வேலை அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஆனால் ஓட்டைக் கலைப்படைப்பாக நிறுத்த, ஒட்டுவதற்கு முன்பே சில முடிவுகளை எடுத்திருக்க வேண்டும். கழற்றிய பிறகும் இரண்டு வார வேலை இருக்கிறது.

வார்ப்பு என்றாலே உடல் தானாகப் பதிந்தது, கலைஞர் கைபடாதது, இயற்கையானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஈரத்துணியின் எடை மார்பைக் கீழே அழுத்தும். உட்கார்ந்தால் வயிறு ஒரு வடிவம், நின்றால் வேறு வடிவம். ஓட்டின் விளிம்பை எங்கே நிறுத்துகிறோம் என்பதே பார்ப்பவருக்கு இது ஒரு பெண்ணா, வெறும் வயிறா என்று சொல்லிவிடும். இதையெல்லாம் தற்செயலுக்கு விட்டால் அலங்காரப் பொருள்தான் மிஞ்சும்.

முதலில் எடுக்க வேண்டிய முடிவுகள்

எந்த வாரம்: 34 முதல் 37 வாரம் வரை வயிறு முழு உருவம் பெற்றிருக்கும். அதற்குப் பிறகு நீண்ட நேரம் உட்காருவது கடினம், வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரட்டைக் குழந்தை என்றால் முன்கூட்டியே, மருத்துவரைக் கேட்டு நாள் குறியுங்கள். ஒரே ஓடு போதாது, மாற்றத்தைக் காட்ட வேண்டும் என்றால் 20, 28, 36 ஆகிய வாரங்களில் மூன்று எடுக்கலாம். அப்போது மூன்றுக்கும் ஒரே ஸ்டூல், ஒரே இருக்கை நிலை, ஒரே விளிம்புக் கோடு இருக்க வேண்டும். கலைஞர் சூசன் ஹில்லர் 1977 முதல் 1979 வரை உருவாக்கிய ‘பத்து மாதங்கள்’ படைப்பைப் பாருங்கள். தன் வயிற்றைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்து, 28 நாள் கொண்ட பத்துச் சந்திர மாதங்களாக அடுக்கி, கூடவே அந்தக் காலத்தில் எழுதிய குறிப்புகளையும் வைத்தார். சட்டகம் மாறாமல் நிற்பதால்தான் அதற்குள் வயிறு வளர்வது கண்ணில் படுகிறது. நிலையை ஒவ்வொரு முறையும் மாற்றினால் எது உடலின் மாற்றம், எது உட்கார்ந்த விதத்தின் மாற்றம் என்று பிரித்தறிய முடியாது.

எதுவரை: கடைகளிலும் இணையத்திலும் காணும் வார்ப்புகளில் பெரும்பாலானவை தோளும் கையும் இல்லாமல் நடு உடலோடு நின்றுவிடுகின்றன. அதனால் யாருடைய வயிறும் எவருடைய வயிறாகவும் ஆகிவிடுகிறது. பிரிட்டிஷ் சிற்பி மார்க் குவின் செய்த ‘அலிசன் லாப்பர் கர்ப்பமாக’ என்ற வெண்சலவைக்கல் சிலை 2005 முதல் 2007 வரை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், கலைப்படைப்புகளை மாறிமாறி வைக்கும் நான்காம் பீடத்தில் இருந்தது. உயரம் 3.55 மீட்டர். லாப்பர் தாமே ஒரு கலைஞர். கைகளின்றியும் குட்டையான கால்களோடும் பிறந்தவர். அந்தச் சிலை கிளப்பிய விவாதம் பெரும்பாலும் எந்த உடல் பொதுவெளியில் நிற்கத் தகுந்தது, எது இயல்பான உடல் என்பதைப் பற்றியதே. அதற்கு அந்த வலு வந்ததற்கு ஒரு காரணம், அங்கே முகமும் அமர்ந்த விதமும் இருந்தன. அது இன்னார் என்று தெரிந்தது. நாம் இங்கே முகத்தை வார்ப்பதில்லை. கர்ப்பிணியின் மூச்சு வழியில் எந்தப் பொருளும் வரக்கூடாது. ஆனால் காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே குறுக்காக உள்ள எலும்பு), ஒரு பக்கத் தோள், வயிற்றின்மேல் வைத்த ஒரு கை ஆகியவற்றைச் சேர்த்தாலே ஓடு ஒரு குறிப்பிட்ட பெண்ணுடையதாகும். எங்கள் பரிந்துரை இதுதான்: காறை எலும்புக்கு ஒரு விரற்கடை மேலிருந்து தொடைப்பிளவு வரை, இடக்கை வயிற்றின் கீழ்வளைவில்.

யாருக்குச் சொந்தம்: இதைப் பேசாமல் தொடங்காதீர்கள். ஓட்டை யார் வைத்துக்கொள்வது, காட்சிக்கு வைக்கலாமா, பெயர் போடலாமா, விற்கலாமா, படம் இணையத்தில் வரலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கர்ப்பிணியின் கையொப்பம் பெறுங்கள். குழந்தை பிறந்தபின் அவர் மனம் மாறலாம். அந்த உரிமையும் தாளில் இருக்கட்டும்.

யாருக்கு எடுக்கக் கூடாது

இரத்தக்கொதிப்பு, இரத்தப்போக்கு, குறைப்பிரசவ அபாயம், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, அடிக்கடி தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வேண்டாம். தோலில் புண், தடிப்பு, ஒவ்வாமை இருந்தாலும் வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் தாங்கமுடியாத அரிப்பு இருந்தால் அது கல்லீரல் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். வார்ப்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வளைகாப்பு, சீமந்தம் நடக்கும் அன்றே வார்ப்பையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உறவினர் கூடியிருப்பார்கள், வசதி என்று தோன்றும். ஆனால் புகையிலும் புழுக்கத்திலும் ஏற்கனவே மணிக்கணக்காக உட்கார்ந்தவரை மறுபடி அசையாமல் உட்காரவைக்கக் கூடாது. வேறொரு நாள், காலை உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்தபின் தொடங்குங்கள். மஞ்சளோ சந்தனமோ பூசிய தோல் என்றால் அந்த நிறம் ஓட்டின் உள்முகத்தில் ஏறக்கூடும். அதை விரும்பியே வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் முதல் நாளே பூச்சை நிறுத்திவிட வேண்டும்.

பொருள்கள்

மாவுக்கட்டுச் சுருளை மருந்துக்கடையில் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பேண்டேஜ் என்று கேளுங்கள். 15 செ.மீ. அகலம், 2.7 மீட்டர் நீளம் கொண்டது வேண்டும். காறை எலும்பிலிருந்து தொடைப்பிளவு வரை மூன்று அடுக்குக்கு ஐந்து சுருள், விளிம்புக்கும் கைக்கும் இரண்டு, ஆக ஏழு. வயிறு மட்டும் என்றால் நான்கு போதும். பொட்டலம் காற்றுப்புகாமல் இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். ஈரம் புகுந்த பழைய சுருள் கல்லுக்கல்லாக இருக்கும், நனைத்தாலும் ஒட்டாது, இறுகாது. கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கும்.

மணம் சேர்க்காத வாசலின் 200 கிராம். மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் இரண்டு. வாயகன்ற பேசின் இரண்டு, கழுவ ஒரு பக்கெட். தரையில் விரிக்கப் பழைய போர்வை. பிளாஸ்டிக் தாள் ஈரம் பட்டால் வழுக்கும், அதைக் கர்ப்பிணியின் காலடியில் போடவே கூடாது. 65 செ.மீ. அளவு உயரமுள்ள, ஆடாத ஸ்டூல். குடிக்கத் தண்ணீர், பிஸ்கட்.

ஆட்கள் மூன்று பேர். இருவர் ஒட்டுவதற்கு. மூன்றாமவர் எதையும் ஒட்டாமல் கர்ப்பிணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, பிடித்துக்கொள்ள. இந்த மூன்றாம் ஆளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். கர்ப்பிணியின் அம்மாவோ அக்காவோ இருந்தால் இன்னும் நல்லது.

சிலர் துணிச்சுருள் விலை அதிகம் என்று பிஓபி பவுடரை வாங்கிக் குழைத்து நேரடியாக உடலில் பூசப் பார்க்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுட்டுச் செய்வதே இந்தப் பவுடர். அது தண்ணீரோடு சேர்ந்து மீண்டும் ஜிப்சமாக மாறும்போது வெப்பம் வெளியாகிறது. கனம் கூடக்கூட வெப்பம் வெளியேற வழியின்றி 60 டிகிரி வரை போகும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி வாளியில் கரைத்த இந்தச் சாந்தில் கைகளை வைத்து, இறுகியபின் எடுக்க முடியாமல், தீக்காயத்தால் விரல்களை இழந்தார். துணியில் படிந்த மெல்லிய அடுக்கு அந்த அளவு சுடாது. ஆனால் அதையும் தவறாகக் கையாண்டால் தோல் வெந்துபோகும்.

உட்காரவைப்பது

மல்லாந்து படுக்கவைத்து எடுப்பது சுலபம் போலத் தெரியும். வேண்டாம். நிறைமாதக் கருப்பை முதுகுப்பக்கம் உள்ள பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். தவிர, படுத்த வயிறு பக்கவாட்டில் சரிந்துவிடும். நின்றபடி எடுத்தால் உருவம் மிக நன்றாக வரும், ஆனால் அசையாமல் நிற்பவருக்குக் காலில் இரத்தம் தேங்கித் தலைசுற்றும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள நிலையே சரி. உயரமான ஸ்டூலின் விளிம்பில் அரை உட்காரலாக, பாதங்கள் தரையில் பட, முதுகுக்குப் பின்னால் சுவரும் தலையணையும். அப்போது தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் மடிப்பு விழாது. எடையும் காலில் முழுதாக இறங்காது. தாழ்ந்த நாற்காலி என்றால் வயிற்றின் அடிப்பகுதி தொடைக்குள் மறைந்து, ஓட்டின் கீழ்ப்பகுதி முழுவதும் வீணாகும்.

வளையல், சங்கிலி, இடுப்புக்கயிறு ஆகியவற்றைக் கழற்றச் சொல்லுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர் அதைப் பின்பக்கம் முதுகில் போட்டுக்கொள்ளலாம்.

விரலால் வாசலினைத் தடவுங்கள். தோல் மினுமினுக்க வேண்டும், ஆனால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கக் கூடாது. திட்டுக்கள் அப்படியே குழிகளாகப் பதியும். மயிர் உள்ள இடங்களில் தாராளமாகப் பூசுங்கள். அடிவயிற்று மயிர், அக்குள் ஆகியவற்றின்மேல் சமையலறையில் உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவது பாதுகாப்பு. தொப்புள் வெளியே துருத்தியிருந்தால் அடியில் சுற்றிலும் வாசலினை நிரப்புங்கள்.

பிறகு உடலின் இரு பக்கங்களிலும், அக்குளின் நடுவிலிருந்து இடுப்பு வரை, கண்மையால் ஒரு கோடு போடுங்கள். துணி இந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. தாண்டி முதுகுப்பக்கம் திரும்பினால் இறுகிய ஓடு உடலைக் கவ்விக்கொள்ளும், கழற்ற வராது, வெட்ட வேண்டியிருக்கும். புதியவர்கள் செய்யும் பெருந்தவறு இதுதான்.

ஒட்டுவது

எல்லாத் துணியையும் உலர்ந்த நிலையில் முன்னதாகவே வெட்டி அடுக்கிவையுங்கள். வயிற்றுக்கு 30 செ.மீ. நீளத் துண்டுகள், ஒரு சுருளில் ஒன்பது வரும். மார்புக்கு 15 செ.மீ. சதுரங்கள். விளிம்புக்கும் விரல்களுக்கும் நெடுவாக்கில் பாதியாகக் கிழித்த குறுகிய பட்டைகள். ஈரக்கையோடு வெட்ட ஆரம்பித்தால் அடுக்கு முழுவதும் பாழாகும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக, 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். நம் ஊரில் வெயில்காலத்துக் குழாய்த் தண்ணீரே போதும். அதிகச் சூடு இறுகும் வேகத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே கூட்டும். அதேபோல் நனைத்து நனைத்து அடியில் மாவு தேங்கிய தண்ணீரும் அடுத்த துண்டைச் சீக்கிரம் இறுகவைத்துச் சூடாக்கும். இரண்டு பேசின் சொன்னது இதற்காகத்தான்: இரண்டு சுருளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

துண்டின் இரு முனைகளையும் பிடித்து நான்கைந்து நொடி முக்குங்கள். குமிழி அடங்கியதும் எடுத்து, இரு விரலிடையே லேசாக வழித்துவிட்டு வையுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் மாவு பேசினுக்குப் போய்விடும், வெறும் துணிதான் மிஞ்சும். உடலில் வைத்ததும் உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, துணியின் கண்ணிகள் மாவால் அடைபடும் வரை வழவழப்பாக்க வேண்டும். இந்தத் தேய்ப்பில்தான் ஓட்டின் பலம் இருக்கிறது. முதல் அடுக்கில் தேய்ப்பு போதாவிட்டால் உள்முகத்தில் தோலின் பதிவுக்குப் பதில் துணியின் பின்னல்தான் தெரியும்.

வரிசை: முதலில் விளிம்பு முழுவதும் குறுகிய பட்டையை இரட்டையாக மடித்து ஒட்டுங்கள். அடுத்து மார்பு, பக்கங்கள், கடைசியில் வயிற்றின் நடுப்பகுதி. மூச்சுக்கு அதிகம் ஏறி இறங்குவதும் குழந்தை அசைவதும் நடுப்பகுதியில்தான் என்பதால் அது மிகக் குறைந்த நேரமே இறுகிய ஓட்டுக்குள் இருக்கட்டும். முதல் அடுக்கு குறுக்காக, இரண்டாவது நெடுக்காக, மூன்றாவது சாய்வாக. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின்மேல் மூன்று விரற்கடை ஏறியிருக்க வேண்டும். மார்பின் அடிவளைவில் துணியைச் சற்று மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தபடி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் எடை இழுத்துத் தட்டையாக்கிவிடும்.

கையைச் சேர்ப்பதாக இருந்தால் விரல்களை ஒட்டிவைத்து, உள்ளங்கை வயிற்றில் முழுதாகப் படியும்படி வைக்கச் சொல்லுங்கள். விரல்களுக்கு இடையில் வாசலினை அடைத்துவிடுங்கள். கையின்மேல் துணி, மணிக்கட்டின் பாதி வரைதான். வளைத்துச் சுற்றினால் கை மாட்டிக்கொள்ளும்.

ஓர் அடுக்கு இறுகுவதற்குள் அடுத்தது மேலே ஏற வேண்டும். நடுவில் போன் வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிணையாமல் உலர்ந்தபின் ஏடு ஏடாகப் பிரியும். அப்படி நேர்ந்தால் இறுகிய பரப்பை ஈரக்கையால் நன்றாக நனைத்துவிட்டுத் தொடருங்கள். மூன்று அடுக்கோடு நிறுத்துங்கள். பலம் போதாது என்று உடலின் மேலேயே ஐந்தாறு அடுக்கு ஏற்றினால் வெப்பம் கூடும். பலப்படுத்துவதைப் பிறகு செய்துகொள்ளலாம். இறுகும்போது மேலே துண்டோ போர்வையோ போர்த்தாதீர்கள். குளிர்கிறது என்றால் முதுகில் போர்த்துங்கள். மின்விசிறி நேராக அவர்மேல் இல்லாமல் அறையில் ஓடட்டும்.

இளஞ்சூடு தோன்றுவது சாதாரணம். சுடுகிறது என்று அவர் சொன்னால், கண் இருட்டுகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது என்றால், அல்லது வயிறு விட்டுவிட்டு இறுகிக் கல்லாகிறது என்றால் அந்த நொடியே கழற்றுங்கள். முன்பக்கம் மட்டும் உள்ள ஓடு என்பதால் ஈரமாக இருந்தாலும் உரிந்து வந்துவிடும். அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இறுக்கம் அடங்காமல் சீராக வந்துகொண்டிருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். துணி போனால் வேறு வாங்கலாம்.

கழற்றுவது, உலர்த்துவது

கடைசித் துண்டு ஒட்டி 15 நிமிடம் கழித்து நகத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் மாறிக் கணீரென்று கேட்டால் கழற்றலாம். கழற்றுவதற்கு முன் ஒரு வேலை: இரு பக்க விளிம்புகளுக்கும் இடையே உள்ள நேர்த்தூரத்தை மார்பு, வயிறு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களிலும் அளவுகோலைக் குறுக்கே பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான செய்முறைகளில் இது இருப்பதில்லை. ஈர ஓடு தன் எடையாலேயே விரிந்துகொள்ளும். வயிறு தட்டையாகி அகலம் கூடும். அடுத்த நாள் பார்த்துவிட்டு, இது நான் இல்லையே என்று அவர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அவர் மெதுவாக முன்னே சாய்ந்து, வயிற்றை உள்ளிழுத்து, தோளைக் குலுக்கினால் மேல்விளிம்பில் காற்று புகும். இருவர் விளிம்பைத் தாங்கிக்கொள்ள, ஓடு தானாக இறங்கும். பிடுங்காதீர்கள். எங்காவது மயிர் பிடித்தால் கத்தரிக்கோல் நுனியால் வெட்டிவிடுங்கள். கையை உடனே ஓட்டுக்குள்ளிருந்து பின்வாக்கில் உருவலாம்.

ஓட்டின் குறுக்கே மூன்று நாடாக்களை, அளந்து வைத்த தூரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். உள்ளே கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, கம்பிவலையின்மேல் வயிறு மேல்நோக்க வையுங்கள். காற்றோட்டம் அடியிலும் வேண்டும். வெயில்காலத்தில் மூன்று நாள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். உள்ளே திணித்த தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், பிறகு அது போகாது. அவசரத்துக்கு அடுப்பின் அருகே வைப்பதும் ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடிப்பதும் கெடுதல். 45 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் ஜிப்சம் தன்னுள் உள்ள நீரை இழந்து பொடிந்துபோகும். காய்ந்ததை அறிய, உதட்டருகே வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பேசினில் மிஞ்சிய தண்ணீரைக் குளியலறையில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் தெளியவிட்டுத் தண்ணீரைச் செடியில்லாத மண்ணில் ஊற்றி, அடியில் உள்ள கட்டியைக் குப்பையில் போடுங்கள்.

பலப்படுத்துவது

நன்றாகக் காய்ந்தபின் உள்முகத்தில் விளிம்பை ஒட்டியும் முதுகெலும்பு போல நடுவிலும் மேலும் இரண்டு அடுக்கு துணி ஒட்டலாம். உள்முகத்தின் தோல் பதிவை மறைக்க மனமில்லை என்றால் வெளிமுகத்தில் ஒட்டுங்கள். எந்தப் பக்கமானாலும் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த ஜிப்சம் புதுத் துணியின் தண்ணீரை உறிஞ்சிவிடும், புது அடுக்கு ஒட்டாமல் உரியும்.

உள்முகத்தில் வாசலின் பிசுக்கு இருக்கும். துணியில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் இரண்டு முறை ஒற்றி எடுங்கள். இந்தப் பிசுக்கு இருக்கும்வரை எந்தப் பூச்சும் நிற்காது.

மேடுபள்ளத்தைச் சரிசெய்யச் சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் புட்டியை எடுக்காதீர்கள். சிமென்டும் ஜிப்சமும் ஈரத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, சில மாதத்தில் உப்பி உதிரும். பிஓபி பவுடரோடு ஃபெவிகால் கலந்த தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் போதும், அல்லது அக்ரிலிக் புட்டி. தேய்க்க 120ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து இரு முகத்திலும் இரண்டு முறை பூசினால் மாவு உதிர்வது நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும் வழவழவென்று தேய்க்க வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகள், ஒட்டியவர் விரல் பதிந்த இடம், மூச்சு இழுத்ததில் விழுந்த மயிரிழைக் கீறல் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பலர் சேர்ந்து செய்த வேலையின் சுவடு. இவற்றை அழித்துவிட்டு மேலே மரமும் கொடியும் தாமரையும் வரைவது இப்போது பெருவழக்காக இருக்கிறது. பெண்ணுடல் என்றால் நிலம், கர்ப்பம் என்றால் விதை என்று ஆயிரம் முறை சொன்னதையே அந்தப் பூக்கள் மறுபடி சொல்கின்றன. மருந்து, ஊசி, ஸ்கேன், பயம், காத்திருப்பு எதுவும் அதில் இல்லை.

தோல் பதிவு வேண்டும் என்றால்

வயிற்றுக் கோடுகளும் தொப்புள் சுருக்கமும் புடைப்பாகத் தெரிய வேண்டும் என்றால் ஓட்டை அச்சாகக் கொண்டு உள்ளே ஒரு நகல் வார்க்கலாம். உள்முகத்தில் சோப்புக் கரைசலை மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் மிகுதியைத் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரில் பிஓபி பவுடரைக் கையால் தூவுங்கள். தண்ணீர்மேல் தீவுபோல் மேடு தெரியும்வரை தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு குமிழி வராமல் அடியிலிருந்து கலக்குங்கள். எடைக் கணக்கில் 100 பங்கு பவுடருக்கு 65 பங்கு தண்ணீர். முதல் பூச்சை விரலால் தெறித்து அரை செ.மீ. கனத்துக்கு ஏற்றுங்கள். அது இறுகத் தொடங்கும்போது, சாந்தில் தோய்த்த தென்னை நாரைப் பரப்பி மேலே இன்னொரு செ.மீ. பூசுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளித்துணியை நனைத்து நனைத்து உரித்தால் உள்ளே நகல் இருக்கும். அச்சு இதில் அழிந்துவிடும். எனவே ஓடும் வேண்டும், நகலும் வேண்டும் என்று நினைக்காதீர்கள். துணி அச்சில் மயிர்க்கால் அளவு நுணுக்கம் வராது.

காட்சிக்கு வைப்பது

ஓட்டுக்குள் குழந்தைப் பொம்மையோ விளக்கோ வைக்கத் தோன்றும். காலியாக விடுங்கள். பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கத்தாரின் தோஹாவில் ஒரு மருத்துவமனை முன் வைத்த 14 வெண்கலச் சிற்பங்கள் கருவுறுதல் முதல் பிறப்பு வரை காட்டுகின்றன. கருப்பை இருக்கிறது, அதைச் சுமந்த பெண் அங்கே இல்லை. நம் ஓட்டில் இருப்பதோ சுமந்தவரின் உடல் மட்டுமே. உள்ளே குழந்தையை வைத்தால் பார்ப்பவர் கண் உடனே அதற்குத்தான் போகும்.

உள்முகம் தெரியும்படி வைப்பது நல்லது. சுவரில் மாட்டினால் அந்தப் பக்கம் மறைந்துவிடும். நம்மிடம் ஏற்கனவே ஒரு வடிவம் உண்டு: கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நட்ட சுமைதாங்கிக் கல். இரு நிலைக்கல், மேலே ஒரு கிடைக்கல், தலைச்சுமையை இறக்கிவைக்கும் உயரம். அந்த உயரத்தில் ஒரு பலகையின்மேல் ஓட்டை வாய் மேல்நோக்க வைத்தால் பார்ப்பவர் குனியாமல் உள்ளே பார்க்கலாம். சுமைதாங்கி மரணத்தோடு சேர்ந்த கல் என்பதால், வார்ப்புக்கு உட்கார்ந்தவரிடம் முதலில் கேளுங்கள். அவருக்கு உறுத்தினால் சாதாரண மரத்தாங்கி போதும்.

விளிம்பில் தையல் போடுவது இன்னொரு வழி. விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, 2 செ.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளை போட்டு, அவர் பிரசவத்துக்குக் கட்டியிருந்த பழைய புடவையை அதில் தைக்கலாம். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1980 முதல் 1985 வரை நடத்திய ‘பிறப்புத் திட்டம்’ முழுவதும் ஊசிவேலைதான். மேற்கத்திய ஓவியங்களில் பிரசவக் காட்சி ஏறக்குறைய இல்லவே இல்லை என்று கண்டு, பெண்களிடம் கேட்டறிந்து அவர் வரைந்த உருவங்களை 150க்கும் மேற்பட்ட பெண்கள் எம்பிராய்டரியாகவும் குரோஷாவாகவும் தங்கள் வீடுகளில் செய்து கொடுத்தார்கள்.

அருகே எழுத்தும் வையுங்கள். கலைஞர் மேரி கெல்லி 1973 முதல் 1979 வரை செய்த ‘மகப்பேற்றுக்குப் பிந்தைய ஆவணம்’ தாயின் உருவத்தை வேண்டுமென்றே காட்டாமல், மகனின் கறைபடிந்த அணையாடையையும், என்ன ஊட்டினார் என்ற கணக்கையும், அவன் கைப்பதிவின் சாந்து வார்ப்பையும் சட்டமிட்டு வைத்தது. 1976இல் லண்டனில் காட்டியபோது செய்தித்தாள்கள் அணையாடைக்காகக் கூச்சலிட்டன. உடல் மட்டும் சொல்லாததை அந்தக் கணக்குகள் சொல்லின. உங்கள் ஓட்டின் அருகில் வாரம், நேரம், ஒட்டியவர்கள், அப்போது அவர் சாப்பிட்ட மாத்திரைகள், பிறகு பிரசவம் எப்படி நடந்தது என்பதை அவர் கையெழுத்திலேயே வைக்கலாம். அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் இரண்டாவது ஓடு எடுத்துப் பக்கத்தில் வைப்பது மிக வலுவான ஏற்பாடு. தழும்பு முழுதும் ஆறி, தொட்டால் வலிக்காமல், மருத்துவரும் சரி என்ற பிறகு எடுங்கள். பச்சைப் புண்ணில் வாசலினும் மாவும் படக்கூடாது.

ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். சும்மாடு போலச் சுருட்டிய துணியைப் பெட்டியின் அடியில் வைத்து அதன்மேல் வயிறு கீழ்நோக்க உட்காரவைத்து, குறுக்கு நாடாக்களை அவிழ்க்காமல், பக்கங்களில் பஞ்சு அடைத்து, பெட்டியின் மேல் எந்தப் பக்கம் மேலே என்று எழுதிவிடுங்கள். விளிம்பு உடைந்தால் உடைந்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். இரு முனையையும் நனைத்து, பிஓபி குழம்பு தொட்டுப் பொருத்தி, பின்னால் ஒரு துண்டு மாவுக்கட்டுத் துணி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும்.